குப்பியில் அடைத்த விருப்பம்

சித்திரக்கதை என்றதும் நம்மிற் பலருக்குக் கடையோரம் தொங்கும் சிறுவர் ஏடுகளே நினைவிற்கு வரும். இரும்புக்கை மாயாவியைப் பாடநூலுக்குள் மறைத்து வைத்துப் படித்த தலைமுறை, வளர்ந்தபின் அவ்வகை நூல்களைத் திரும்பிப் பார்ப்பதே தகுதிக் குறைவு என்று எண்ணிக்கொண்டது. அந்த எண்ணத்தோடு எகிப்திய ஓவியரும் எழுத்தாளருமான தீனா முகம்மதின் 'ஷுபைக் லுபைக்' என்னும் நூலைக் கையிலெடுப்பவர், சில பக்கங்களிலேயே நிமிர்ந்து உட்கார நேரும்.

இதன் முதற்பகுதி 2017ஆம் ஆண்டு கெய்ரோ சித்திரக்கதை விழாவில் தலைசிறந்த பரிசைப் பெற்றது. மூன்று பகுதிகளையும் ஆசிரியரே ஆங்கிலத்தில் பெயர்த்து, 2023இல் ஒரே நூலாக வெளிவரச் செய்தார். ஆங்கில நூலாயினும் அரபு நூலைப் போல வலமிருந்து இடமாகவே பக்கங்கள் புரள்கின்றன. வாசகன் தன் பழக்கத்தை விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

'ஷுபைக் லுபைக்' என்பது அரபு நாட்டுக் கதைகளில் ஜின் தன் எசமானிடம் கூறும் சொல். 'உம் கட்டளைக்குக் காத்திருக்கிறேன்' என்பது அதன் கருத்து. 'லப்பைக்' என்னும் புனிதச் சொல்லின் எதிரொலி நம் செவிக்கு அதில் கேட்காமற் போகாது. இந்நூலின் கெய்ரோவில் விருப்பங்கள் குப்பியில் அடைத்து விற்கப்படுகின்றன. முதல் தரமானவை கேட்டதைக் கேட்டபடி தரும். ஏழை கனவிலும் வாங்க இயலாத விலை. மூன்றாம் தரமானவை தகரக் குவளையில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் கேட்டதற்குக் கோணற்பொருள் கொண்டு கேட்டவரையே கெடுத்துவிடும். ஷுக்ரி என்னும் பெட்டிக்கடைக்காரரிடம் மூன்று முதல்தர விருப்பங்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றியே மூன்று கதைகளும் நிகழ்கின்றன.

கற்பனையையும் மெய்ம்மையையும் பிரிக்கும் கோட்டை இந்நூல் அழித்துவிடுகிறது என்பர். அஃது எவ்வாறு அழிகிறது என்பதே நாம் ஆராயத்தக்கது. மாயத்தால் அன்று, காகிதத்தால்! விருப்பங்களின் தரவரிசை, பதிவுச் சட்டம், அரசின் எச்சரிக்கை அறிக்கை, வரலாற்றுக் குறிப்பு எனக் கதைகளுக்கிடையே பக்கங்கள் வருகின்றன. முத்திரை குத்திய தாளை நம்பிப் பழகிய நாம், அந்தத் தாள் சொல்வதால் ஜின் விற்பனையையும் நம்பிவிடுகிறோம்.

முதற்கதையின் அஸீஸா கணவனை இழந்தவள், ஏழை. பல வேலைகள் செய்து காசு சேர்த்து ஒரு முதல்தர விருப்பத்தை வாங்குகிறாள். அதைப் பதிவு செய்ய அலுவலகம் செல்கிறாள். 'இவளுக்கு இது ஏது?' என்னும் ஒரே ஐயம் போதும். அவள் சிறைக்குப் போகிறாள். விருப்பத்தை விட்டுக்கொடுத்தால் விடுதலை என்கிறார்கள். அவள் மறுக்கிறாள். இங்கே மாயம் எங்கே இருக்கிறது? குப்பியை எடுத்துவிட்டு அவ்விடத்தில் ஒரு துண்டு நிலத்தையோ ஓய்வூதியத் தாளையோ வைத்துப் பாருங்கள். கதையில் ஒரு வரியும் மாறாது.

மலிவான விருப்பங்களை மக்கள் 'டிலெஸெப்ஸ்' என்றழைப்பதாக ஆசிரியர் அமைத்திருப்பது கூர்மையான இடம். சூயஸ் கால்வாயை வெட்டுவித்த பிரெஞ்சுக்காரரின் பெயர் அது. 1859இல் தொடங்கிய அப்பணியில் எகிப்திய உழவர்கள் கட்டாய உழைப்பில் வதைபட்டனர். 1869இல் கால்வாய் திறந்தது. ஆதாயமோ அயலாருக்குப் போயிற்று. 1956 ஜூலை 26 அன்று கால்வாயை நாட்டுடைமையாக்கிய நாசர், தம் உரையில் அதே பெயரைக் குறிச்சொல்லாக ஒலித்தபோதுதான் அவருடைய ஆட்கள் கால்வாய் அலுவலகங்களுள் புகுந்தனர். நாட்டுக்கு வளம் தருவதாய் வந்து நாட்டையே கெடுத்த வாக்குறுதிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

இன்னொன்றும் கூறவேண்டும். மேல்நாட்டு வாசகனுக்கு ஜின் வெறும் கற்பனை. நமக்கோ, திருக்குர்ஆனின் 72ஆம் அத்தியாயமே அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. நமக்குக் கற்பனையாவது ஜின் அன்று. அது கடையில் விலைக்குக் கிடைப்பதே. ஆகவே ஒரே நூலில் கற்பனையின் எல்லை வாசகனுக்கு வாசகன் வேறிடத்தில் விழுகிறது. ஜின்களை உருவப்படமாகத் தீட்டாமல் அரபு எழுத்தணியாகவே ஆசிரியர் வரைந்திருப்பது இதனாற் பெரிதும் சிறக்கிறது. வடிவம் கேட்ட கண்ணுக்கு அவர் எழுத்தையே தருகிறார்.

ஷுக்ரி, விருப்பத்தைப் பயன்படுத்துவது மார்க்கத்திற்கு ஒவ்வாது என நம்புபவர். ஆயினும் தம் கடைக்கு வழக்கமாய் வரும் முதியவள் ஷவ்கிய்யா நோயுற்றபோது, எஞ்சிய குப்பியை அவளுக்கே கொடுக்க முன்வருகிறார். அவளோ ஏற்க மறுக்கிறாள். தான் கூடாதென்று விலக்கியதைப் பிறர் உயிருக்காகத் தரலாமா? தந்தால் அது தருமமா, தடுமாற்றமா? இக்கேள்வியை ஆசிரியர் எள்ளலாக்கவில்லை. பக்தியுள்ள எளிய மனிதனை அறிவிலியாகக் காட்டும் இன்றைய எழுத்து வழக்கத்திலிருந்து இந்நூல் விலகி நிற்பது இங்கேதான்.

குறைகளும் உள. இரண்டாம் பகுதியில் நூர் என்னும் செல்வக் குடும்பத்துப் பிள்ளையின் மனச்சோர்வை வரைபடங்களாலும் கோடுகளாலும் விளக்குகிறார். புதுமையான முயற்சிதான், ஆனால் விளக்கம் மிகமிகத் துயரம் குறைந்துவிடுகிறது. அஸீஸாவின் ஒரு மௌனம் உணர்த்துவதை நூரின் பத்து வரைபடங்கள் உணர்த்தவில்லை. செல்வனின் துயரும் துயரே என்னும் நியாயம் நம் அறிவுக்கு எட்டுகிறது. நெஞ்சிற்கு எட்டத் தாமதமாகிறது.

1709இல் அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப், பாரிஸில் அலாவுத்தீன் கதையைக் கூறினார். அதை 'ஆயிரத்தொரு இரவு'களிற் சேர்த்து உலகறியச் செய்த அந்துவான் கலான், சொன்னவரின் பெயரை அந்நூலில் எங்கும் குறிக்கவில்லை. விளக்கு உலகெங்கும் சென்றது. விளக்கைத் தந்தவர் இருளில் நின்றார். இன்று கெய்ரோவின் ஒரு பெண் அதே ஜின்னைத் தம் கையால் வரைந்து, தாமே மொழிபெயர்த்து, தம் பெயரை அட்டையில் பொறித்து அனுப்பியிருக்கிறார். மூன்று நூற்றாண்டுக்குப்பின் கதை தன் வீட்டாரின் வாயால் பேசுகிறது. நம் பிள்ளைகளுக்கு நம் கதைகளைச் சொல்லும் பொறுப்பைப் பிறரிடமே விட்டுவிட்டுப் பின்னர் அவர்கள் சொன்ன விதத்தை எண்ணி வருந்தும் நாம், இந்நூலைப் படிப்பது நன்று.