மந்திரக்கோல் பிடித்த வைத்தியர்

மாயாஜாலக் கதை எழுதுகிறவருக்கு வைத்தியர் பாத்திரம் கைகொடுக்கும். அசந்தால் காலையும் வாரிவிடும். அடிபட்ட நாயகன் அடுத்த அத்தியாயத்தில் எழுந்து நடக்க அவர் தேவை. ஆனால் எதையும் அவர் ஆற்றிவிடுவார் என்று தெரிந்துவிட்டால், வாசகருக்கு வாளைப் பார்த்துப் பயமே வராது.

ஜே.கே.ரௌலிங் இந்தத் தொழிலுக்குப் போட்ட அஸ்திவாரம் உறுதியானது. ஹாரி பாட்டர் வரிசையின் ஐந்தாம் நூலில் (2003) செயின்ட் மங்கோஸ் மருத்துவமனை வருகிறது. லண்டனில் மூடிக் கிடக்கும் ஒரு பழைய கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மையிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பிராணிகளிடம் கடிபட்டவர்களுக்கு ஒரு மாடி, விஷம் ஏறியவர்களுக்கு ஒரு மாடி, மந்திரம் தாக்கியவர்களுக்கு நான்காம் மாடி. வைத்தியராக வேண்டுமென்றால் ஐந்து பாடங்களில் நல்ல தேர்ச்சி வேண்டும். மூலிகையும் மருந்து காய்ச்சுவதும் அதில் அடக்கம். வார்டு, சீருடை, பயிற்சி வைத்தியர் என்று எல்லாம் இருப்பதால், இது வரமாக வாங்கி வந்த சக்தி அல்ல, படித்துத் தேறும் வேலை என்று மனதில் பதிகிறது.

வரம்பும் வைத்திருக்கிறார். காணாமல் போன கை எலும்புகள் ஒரே இரவில் முளைத்துவிடும்; வலியைத்தான் பொறுக்க வேண்டும். தீய மந்திரம் அறுத்த, ஹாரியின் நண்பன் ஜார்ஜின் காது மட்டும் திரும்ப வராது. ஹாரியின் வகுப்புத்தோழன் நெவிலின் பெற்றோர் சித்திரவதை மந்திரத்தில் புத்தி கலங்கி, பல வருடங்களாக நான்காம் மாடியிலேயே இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்குப் பார்க்க வந்த மகனின் கையில் அம்மா பபிள்கம் சுற்றிய வெறும் காகிதத்தை வைக்கிறாள். குப்பையில் போடச் சொல்கிறாள் பாட்டி. அவனோ பைக்குள் போட்டுக்கொள்கிறான். அந்தக் காகிதம் ஒன்றே போதும், இங்கே மருந்து எட்டாத இடமும் உண்டு என்று புரிய.

அதே வார்டைப் பார்த்துக்கொள்பவர் மிரியம் ஸ்ட்ரௌட். நோயாளிகளிடம் பரிவோடு பேசும் அம்மா. ஒரு நோயாளிக்குப் பரிசாக வந்த தொட்டிச் செடியைப் பண்டிகை நேர வேலை நெருக்கடியில் அவர் சரியாகக் கவனிக்கவில்லை. அது ஆளைக் கொல்லும் செடி. நோயாளியின் கழுத்தை நெரித்துவிடுகிறது. அயர்ந்த ஒரு நொடியில் ஓர் உயிர் போவது: வைத்தியத் தொழிலின் உண்மையான பயம் இதுதான். ரௌலிங் அதைக் கண்டுபிடித்திருக்கிறார். ஆனால் ஒரு செய்தித்தாள் குறிப்போடு விட்டுவிடுகிறார். ஸ்ட்ரௌட் பணியிடைநீக்கம் செய்யப்படுகிறார், பிறகு கதையில் தலைகாட்டுவதே இல்லை. அன்றிரவு அவர் எப்படி வீட்டுக்குப் போனார் என்று எனக்குத் தெரிய வேண்டும். இந்த மருத்துவமனையை நாம் கடைசிவரை பார்வையாளர் நேரத்தில் வந்தவரின் கண்ணால்தான் பார்க்கிறோம். என் பார்வையில் இது பெரிய குறை.

உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய ‘எர்த்சீ’ முதல் நூலில் மருத்துவமனையே இல்லை. கெட் வைத்தியனும் அல்ல, தீவு மக்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட இளம் மந்திரவாதி. படகு கட்டும் நண்பனின் குழந்தை சாகக் கிடக்கிறது. காயத்தை ஆற்று, நோயைத் தீர், போகிற உயிரைப் போகவிடு என்பது அவன் கற்ற பாடம். நண்பன் மேல் வைத்த அன்பில் அதை மீறுகிறான். இருட்டுச் சரிவில் ஓடும் குழந்தையின் உயிரைத் துரத்திக்கொண்டு மரண நாட்டுக்குள்ளேயே இறங்கிவிடுகிறான். குழந்தை பிழைக்கவில்லை. பிணம்போல் கிடக்கும் கெட்டை அவன் வளர்த்த சின்னப் பிராணி நக்கி நக்கித்தான் எழுப்புகிறது. சில பக்கங்கள்தான், ஆனால் தோற்ற வைத்தியனின் உள்ளே நாம் இருக்கிறோம்.

‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ விளையாட்டில் செத்தவரை எழுப்பவே விலை உண்டு: ஐந்தாம் பதிப்பில் 500 பொற்காசு மதிப்புள்ள வைரம். விளையாட்டுக்கு அது சரி. கதைக்குப் போதாது, ஏனென்றால் அந்த விலை பணப்பையிலிருந்து போகிறது, வைத்தியரிடமிருந்து அல்ல.

ஆகவே இப்படி ஒரு பாத்திரத்தை எழுத உட்காருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மூலிகைப் பெயர்களையும் மந்திரங்களையும் பிறகு யோசியுங்கள். உங்கள் வைத்தியர் காப்பாற்ற முடியாமல் போன ஒருவரை முதலில் எழுதுங்கள். மறுநாள் காலை அடுத்த நோயாளி வந்து அவர் கதவைத் தட்டட்டும்.