‘ஹரிதாஸ்’: அப்பா இருக்கிறார், பள்ளி எங்கே?

ஜி.என்.ஆர். குமாரவேலன் இயக்கிய ‘ஹரிதாஸ்’ 2013-இல் வெளிவந்தது. ஆட்டிசம் உள்ள மகனையும் அவனைத் தனியாக வளர்க்கும் போலீஸ் அதிகாரியையும் பற்றிய படம். ரவாங்கில் பெற்றோரிடம் இதைப் பார்க்கச் சொல்வது என் வழக்கம். அண்மையில் மறுபடியும் பார்த்தபோது ஒரு குறை உறுத்தியது.

முதலில் நிறை. தந்தை சிவதாஸாக வரும் கிஷோர் விடுப்பு எடுத்துக்கொண்டு, வகுப்பில் மகன் பக்கத்திலேயே உட்கார்கிறார். மிகை நடிப்பு இல்லை. ஆசிரியை அமுதவல்லியும் (சினேகா) பாடத்தோடு நிற்காமல் அவனைப் புரிந்துகொள்ள முயல்கிறார்.

ஆனால் முழுப் பாரமும் இந்த இரண்டு நல்ல மனங்கள் மேல்தான். அப்பாவுக்கு விடுப்பு கிடைக்காவிட்டால்? டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டால்? படம் கேட்கவில்லை. கடைசியில் பையன் மாரத்தான் ஓடுகிறான்; நாமும் கைதட்டுகிறோம். படம் பார்த்த ஒரு தாயார் என்னிடம், “டீச்சர், என் பையனுக்கு அப்படி ஒரு திறமையும் தெரியலையே, என்ன செய்றது?” என்று கேட்டார். அப்போது எனக்குப் பதில் வரவில்லை.

பதில் படத்துக்கு வெளியே இருக்கிறது. அதே 2013-இல்தான் நம் நாட்டில் சிறப்புக் கல்வி விதிமுறைகள் வந்தன. மருத்துவர் உறுதிப்படுத்திய பிறகு பிள்ளைக்கு விண்ணப்பிக்கலாம். சேர்ந்தபின் மூன்று மாதத்துக்கு மேற்படாத சோதனைக் காலம் உண்டு. 2019 முதல் ‘நிராகரிப்பு இல்லா’ கொள்கையும் நடப்பில் உள்ளது. படிக்க இடம் பெற எந்தப் பிள்ளையும் பதக்கம் வாங்க வேண்டியதில்லை.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியவை இவை. எல்லாத் தமிழ்ப்பள்ளியிலும் சிறப்புக் கல்வி வகுப்பு இல்லை. எனவே முதலாம் ஆண்டுக்கு முந்தைய ஆண்டே மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள். சமூகநல இலாகாவின் ஓ.கே.யூ. அட்டை முத்திரை குத்துவதற்கல்ல, உதவி பெறுவதற்கு. பிள்ளையின் தனிநபர் கல்வித் திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள்: இலக்கு என்ன, யார் பொறுப்பு, எப்போது மறுபடி பார்ப்பார்கள்? ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல் வையுங்கள்.

இந்தப் படத்துக்குத் திறனாய்வு எழுதும் மாணவர்களே, தந்தையின் தியாகத்தைப் புகழ்வது பாதி வேலைதான். அவர் ஏன் தனியாகப் போராட வேண்டியிருந்தது என்றும் கேளுங்கள். ஆசிரியர்களாகிய நாமும் அதே கேள்வியை நம் பள்ளியில் கேட்க வேண்டும்.