மதமும் விமதமும்: மாறுபட்ட கருத்துக்கு நம் சொற்கள்

ஊரார் ஒப்புக்கொண்ட ஒரு கருத்துக்கு மாறாக ஒருவர் பேசினால் அவரை நாம் என்ன சொல்லி அழைக்கிறோம்? சின்னக் கேள்விதான். ஆனால் மாறுபடுகிறவனை ஒரு சமூகம் எப்படி நடத்துகிறது என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடும். பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் வாழும் நமக்கு இதை ஆராய ஒரு வசதி உண்டு. 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை பிரிந்தாலும், தமிழும் மலையாளமும் இங்கே இன்றும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

தமிழில் இதற்கு இரண்டு வகைச் சொற்கள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு வகை, ஆளை வெளியே தள்ளுவது. சைவ சாத்திரம் சமயங்களை அகம், அகப்புறம், புறம், புறப்புறம் என்று அடுக்கும். உலகாயதமும் பௌத்தமும் சமணமும் கடைசி அடுக்கில், அதாவது தெருவுக்கும் அப்பால். 'நாத்திகன்' என்றால் இல்லை என்பவன். கத்தோலிக்கத் தமிழில் 'பதிதர்' என்றால் வீழ்ந்தவர். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்கு முன்பே இச்சொற்கள் தீர்ப்பு எழுதிவிடுகின்றன.

இன்னொரு வகை, எதிராளிக்கும் பாய் விரிப்பது. அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளை மறுக்கத்தான் செய்கிறார். ஆனாலும் அந்தப் பகுதிக்குப் பெயர் 'பரபக்கம்'. மறுக்கப்படுபவனுக்கும் ஒரு பக்கம் உண்டு என்று அப்பெயரே ஒப்புக்கொள்கிறது. மணிமேகலை சேரர் தலைநகர் வஞ்சியில் பல சமயக் கணக்கரின் வாதங்களை வரிசையாகக் கேட்கிறாள், பூதவாதி உட்பட.

இவற்றினும் சிறந்தது பவணந்தியாரின் நன்னூல். அங்கே 'மதம்' என்றால் கொள்கை, அவ்வளவுதான். உடன்படுவதும் ஒரு மதம், மறுப்பதும் ஒரு மதம், யாரோடும் சேராமல் தன் கருத்தில் நிற்பதும் ஒரு மதம். இப்படி ஏழு மதங்களை நூலுக்கு உரியவையாக அவர் சொல்கிறார். அவரோ சமணர், சைவர் கணக்கில் புறப்புறத்தவர். அந்த நூலுக்குச் சைவராகிய சங்கர நமச்சிவாயர் விருத்தியுரை எழுத, சிவஞான முனிவர் அதைத் திருத்தினார். வெளியே நிறுத்தப்பட்டவரிடம்தான் வீட்டுப் பிள்ளைகள் இலக்கணம் படித்தார்கள்!

அந்த ஏழில், தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்துவதும் ஒன்று. நம் நெய்யாற்றங்கரையில் அருவிப்புறத்தில் 1888 சிவராத்திரியன்று நாராயண குரு செய்தது இதுதான். பிராமணரல்லாத ஒருவர் சிவனைப் பிரதிஷ்டை செய்யலாமா என்று கேட்டவர்களுக்கு, தான் நாட்டியது ஈழவச் சிவன் என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாக வழங்குகிறது. யாரையும் திட்டவில்லை, சிவனையும் விட்டுவிடவில்லை. இவரை நாத்திகர் என்பதா, புறச்சமயி என்பதா? தள்ளும் சொல் எதுவும் ஒட்டாது. நன்னூலின் 'மதம்' கச்சிதமாகப் பொருந்துகிறது. தமிழிலும் தேவாரப் பதிகங்கள் பாடியவர் அவர் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

அதே நெய்யாற்றின்கரையில் 1878-இல் பிறந்த சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளைக்குக் கிடைத்ததோ வேறு. திவானைக் குறைகூறி எழுதியதற்காக 1910-இல் திருவிதாங்கூர் அரசு அவரை நாடு கடத்தியது. புறம் என்ற சொல் அங்கே செயலாகவே நடந்தது.

இனி நம் காதில் விழும் மலையாளத்துக்கு வருவோம். 'விமதன்' என்றால் வேறுபட்ட மதம், அதாவது கருத்து, உடையவன். நல்ல சொல். ஆனால் இன்று தேர்தல் வந்தால் சீட்டு கிடைக்காமல் தனியே நிற்பவரைத்தான் பத்திரிகைகள் அப்படி எழுதுகின்றன. தமிழ்ப் பத்திரிகைகள் அவரை 'அதிருப்தியாளர்' என்கின்றன. இது இன்னும் மோசம். கருத்தையே மனத்தாங்கலாகச் சுருக்கிவிடுகிறது.

வீட்டு மொழியும் இப்படித்தான். பிள்ளை எதிர்த்து ஒன்று கேட்டால், "தர்க்குத்தரம் பேசாதடே" என்று வாயை அடைக்கிறோம். தர்க்கமும் உத்தரமும் சேர்ந்த அருமையான சொல், வசவாகிப் போச்சு. கொஞ்சம் படித்தவர்கள் 'விதண்டாவாதம்' என்பார்கள். தருக்க நூலார் கணக்கில், தனக்கென்று ஒரு பக்கம் இல்லாமல் பிறர் பக்கத்தை உடைப்பது மட்டுமே விதண்டை. தன் கருத்தைக் காரணத்தோடு சொல்லும் பிள்ளைக்கு அந்தப் பெயர் பொருந்தவே பொருந்தாது.

தமிழை எப்படிக் காப்பது என்று நம் சங்கக் கூட்டங்களில் நிறையப் பேசுகிறோம். மாறுபட்டுப் பேசுகிறவனைக் குறிக்கப் பழந்தமிழ் வைத்திருந்த நல்ல சொற்களைப் புழங்குவதும் அந்தக் காப்பில் அடங்கும். இரண்டு மொழிக்கு நடுவில் வளரும் நம் பிள்ளைகள் நாம் நினைக்காத பலவற்றை நினைப்பார்கள். அப்போது, "சரி மக்கா, உன் பக்கம் என்ன, சொல்லு" என்று தமிழில் கேட்போமானால், அவர்கள் பதிலையும் தமிழிலேயே சொல்வார்கள்.