வந்த சாமியும் இருந்த சாமியும்

ரோமர்களுக்குச் சொந்தமாகக் கற்பனை கிடையாது, கிரேக்கர்களின் தெய்வங்களை மொத்தமாக வாங்கிப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள் என்பது பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் சரித்திரம் படித்த எல்லோருக்கும் தெரிந்த சமாசாரம். ஸீயஸ் அங்கே ஜூபிடர் ஆனான். ஏரீஸ் மார்ஸ் ஆனான். அப்ரோடைட்டி வீனஸ் ஆனாள். ஒரு பக்கம் கிரேக்கப் பெயர், எதிர்ப்பக்கம் ரோமப் பெயர் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணிவிட்டால் பரீட்சையில் தேறிவிடலாம்.

நம்மிடமும் இதேபோல ஒரு பட்டியல் இருக்கிறது. முருகன் என்றால் ஸ்கந்தன். கொற்றவை என்றால் துர்க்கை. மாயோன் என்றால் கிருஷ்ணன். இதைக் காட்டி ஒரு கட்சியார், "எல்லாம் ஆதியிலிருந்தே ஒன்றுதான்" என்கிறார்கள். இன்னொரு கட்சியார், "வடக்கேயிருந்து வந்தது நம்முடையதை விழுங்கிவிட்டது" என்கிறார்கள். இருவருக்கும் தீராத சண்டை. ஆனால் பட்டியலை மட்டும் இருவருமே நம்புகிறார்கள். எனக்கு அந்தப் பட்டியலின் மேல்தான் சந்தேகம்.

நான் நாவல் எழுதுகிறவன். மத ஆராய்ச்சி என் தொழில் அல்ல. இருந்தாலும் நம் சரித்திர நாவல்களைப் படிக்கும்போது இந்தப் பட்டியல் இலக்கியத்துக்குச் செய்கிற கெடுதல் என்ன என்பது கண்ணில் படாமல் போவதில்லை. சங்க காலத்துக் கதாநாயகி வானளாவிய கோபுரத்தின் நிழலில் நின்று, புராணத்தில் வருகிறபடியே ஆறுமுகனைத் தோத்திரம் செய்கிறாள். அவளுடைய பாட்டி எந்த மரத்தடியில் எந்தக் கல்லுக்குத் தினை தூவினாள் என்பதைப் பற்றி ஆசிரியருக்குக் கவலை இல்லை. அப்படிக் கோபுரங்கள் எழுந்தது எத்தனையோ நூற்றாண்டுகளுக்குப் பிறகு என்பதை நான் பெரிய குற்றமாகச் சொல்ல வரவில்லை. ஒரு சாமி வந்து இன்னொரு சாமியோடு சேர்ந்தபோது மனிதர்களின் மனத்தில் என்ன நடந்திருக்கும் என்பதல்லவா நாவலுக்கு விஷயம்? அதை விட்டுவிடுவதுதான் குற்றம்.

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற சாலையில், பெரம்பலூருக்குக் கொஞ்சம் முன்னால், ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கிறது. கர்நாடக நவாபின் கீழிருந்த ஒரு ஜாகீர்தார் பதினேழாம் நூற்றாண்டில் கட்டியது என்பார்கள். 1751-ல் இந்த வாலிகண்டபுரம் சீமையில் முகம்மது அலிக்காக இங்கிலீஷ்காரர்களும், சந்தா சாகிபுக்காகப் பிரெஞ்சுக்காரர்களும் சண்டை போட்டார்கள். சரித்திர நாவலாசிரியருக்கு இப்படி ஒரு கோட்டை கிடைத்தால் கொண்டாட்டந்தான். ஆனால் கோட்டைக்குத் தெரிந்த கணக்கெல்லாம் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பது மட்டுமே. வந்தவரும் இருந்தவரும் சேர்ந்து எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்று அதனிடம் கேட்க முடியாது. அதைக் கேட்க வேண்டுமானால் அதே சாலையில் இன்னும் தெற்கே, பெரம்பலூரையும் தாண்டிச் சிறுவாச்சூருக்குப் போக வேண்டும்.

சிறுவாச்சூரில் கோயில் கொண்டிருப்பவள் மதுரகாளியம்மன். அந்த ஊர்க் கதையின்படி அங்கே முதலில் இருந்தவள் செல்லியம்மன். மந்திரவாதி ஒருவன் அவளைத் தன் வசப்படுத்தி ஆட்டி வைத்துக்கொண்டிருந்தான். மதுரையிலிருந்து வந்த அம்மன் அவனைக் கொன்று செல்லியை விடுவித்தாள். அப்படி வந்தவள் மதுரையை எரித்துவிட்டுக் கோபம் தணியாமல் வந்த கண்ணகியே என்று சொல்லுவோர் உண்டு. செல்லியம்மன் தன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலுள்ள பெரியசாமி மலைக்குப் போனாள். போகும்போது முதல் மரியாதை தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். வாரத்தில் திங்களும் வெள்ளியுந்தான் கோயில் திறப்பது வழக்கம். மற்ற நாட்களில் மதுரகாளி மலைமேல் செல்லியோடு இருக்கிறாள் என்பது ஜனங்களின் நம்பிக்கை.

இந்தக் கதையை வெறும் ஸ்தல புராணம் என்று தள்ளிவிடாமல் ஒரு நாவலாசிரியன் கண்ணோடு பாருங்கள். செல்லி தோற்று ஓடவில்லை. மதுரகாளி அவளை விழுங்கவும் இல்லை. இருவரும் ஒருத்தியே என்று யாரும் பட்டியல் போடவில்லை. வந்தவளுக்குக் கோயில், இருந்தவளுக்கு மலையும் முதல் மரியாதையும் என்று ஓர் ஏற்பாடு நடந்திருக்கிறது. ஏற்பாடு என்ற சொல்தான் முக்கியம். கூட்டுக் குடும்பத்தில் மருமகள் வந்த பிறகு சாவிக்கொத்து கைமாறுகிறதல்லவா, அந்த மாதிரி. சாவி போனாலும் மாமியாருடைய நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை.

ரோமாபுரியிலும் நடந்தது இதுதான். காபிடோல் குன்றில் ஜூபிடருக்குப் பெரிய கோயில் கட்ட இடம் ஒழித்தபோது அங்கிருந்த சின்னத் தெய்வங்கள் எல்லாம் விலகிக்கொண்டன; டெர்மினஸ் மட்டும் நகர மறுத்துவிட்டான் என்று ரோமர்களே கதை சொன்னார்கள். டெர்மினஸ் யார்? எல்லைக் கல். நம் பாஷையில் எல்லைச்சாமி. அவனைப் பெயர்க்காமல் அப்படியே கோயிலுக்குள் வைத்துக் கட்டினார்கள். அவன் திறந்த வெளியில் பூஜை கொள்ளுகிறவன் என்பதனால் அவன் தலைக்கு நேரே கூரையில் ஒரு திறப்பும் விட்டார்கள்.

கிரேக்கத் தெய்வங்கள் வந்தபோதும் ரோமர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவில்லை. கி.மு. 399-ல் கொள்ளைநோய் வந்தது. கிரேக்கச் செய்யுளில் இருந்த சிபிலின் நூல்களைப் பார்த்து, தெய்வங்களின் உருவங்களை மஞ்சத்தில் சாய்த்து விருந்து வைக்கும் சடங்கை முதல்முதலாக நடத்தினார்கள். கி.மு. 293-ல் மறுபடி நோய். எபிடாரஸ் என்ற கிரேக்க ஊரிலிருந்து வைத்தியக் கடவுளான எஸ்குலாபியஸை ஒரு பாம்பின் வடிவில் கப்பலில் கொண்டுவந்து, டைபர் நதியின் நடுத்தீவில் கி.மு. 291-ல் கோயில் எடுத்தார்கள். ஸீரிஸ் தேவிக்குப் பூஜை செய்ய நேப்பிள்ஸ், வீலியா முதலிய கிரேக்கப் பட்டணங்களிலிருந்து பெண்களை அழைத்துவந்து, அவர்களுக்குக் குடியுரிமையும் கொடுத்தார்கள். ரோமர் முறையில் பலியிடுகிறவன் தலையில் முக்காடு போட்டுக்கொள்ள வேண்டும். தலை திறந்து செய்கிற சடங்குக்குக் 'கிரேக்க முறை' என்றே பெயர். எது வந்தது, எது இருந்தது என்பதை அவர்கள் மறக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்படியானால் கிரேக்கர் கொடுத்தது என்ன? முக்கியமாகக் கதையும் உருவமும். ரோமர்கள் முதல் 170 வருஷங்களுக்கு மேல் விக்கிரகமே இல்லாமல் வழிபட்டார்கள் என்று வாரோ என்ற அவர்களுடைய பண்டிதர் எழுதியிருக்கிறார். அவர்களிடம் சடங்கு இருந்தது, நாள் கிழமை இருந்தது. கதை அதிகம் இல்லை. கிரேக்கரிடம் கதை ஏராளம். ஆனால் கதை வந்து ஒட்டிக்கொண்ட பிறகும் உள்ளே இருந்த ஆள் மாறவில்லை. ஹோமரின் காவியத்தில் ஏரீஸ் எல்லோரும் வெறுக்கிற ஒரு ரத்தவெறியன். ரோமில் மார்ஸோ நகரத்தை நிறுவிய ரோமுலஸின் தகப்பன். குடியானவர்கள் வயலையும் மாட்டையும் காக்கும்படி வேண்டிக்கொண்ட தெய்வம். பட்டியலில் இரண்டும் ஒரே வரியில் நிற்கின்றன. ஜனங்கள் மனத்தில் இரண்டுக்கும் வெகு தூரம்.

இப்போது முருகனிடம் வரலாம். ஸ்கந்தனுடைய கதை வடக்கேயிருந்து வந்தது: சரவணப் பொய்கை, ஆறு தாய்மார், ஆறு முகம், சூரசம்ஹாரம். இங்கே இருந்தவன் மலைக் குறவர்களின் தெய்வம். வேலன் வெறியாடி அழைத்தால் வருகிறவன். இந்த இருவரும் சந்தித்த இடம் திருமுருகாற்றுப்படை. 317 அடியுள்ள இந்தப் பாட்டு, பத்துப்பாட்டிலும் முதலாவதாக இருக்கிறது, சைவர்களின் பதினோராம் திருமுறையிலும் இருக்கிறது. இலக்கியக்காரர்கள் ஒரு கையையும் பக்தர்கள் ஒரு கையையும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

நக்கீரர் இதில் செய்திருக்கிற காரியத்தை நம் விமர்சகர்கள் போதிய அளவு எடுத்துச் சொல்லவில்லை என்பது என் அபிப்பிராயம். அவர் சூரனை வென்ற பெருமையோடு பரங்குன்றத்தில் தொடங்குகிறார். அலைவாயில் ஆறு முகங்களுக்கும் ஆறு தொழில் சொல்லுகிறார். ஏரகத்தில் ஈரத்துணி உடுத்த அந்தணர்கள் ஆறெழுத்து மந்திரத்தை ஓதுகிறார்கள். இத்தோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு நல்ல ஸ்தோத்திரம், அவ்வளவே. ஆனால் அவர் மேலே நடக்கிறார். குன்றுதோறாடலில் வேட்டுவர்கள் கள்ளைக் குடித்துக் குரவை ஆடுகிறார்கள். கடைசியில் பழமுதிர்சோலையில் மறி அறுக்கிறார்கள். குருதி கலந்த வெள்ளரிசியைப் பரப்புகிறார்கள். பூஜை செய்கிறவள் ஒரு குறத்தி. அந்த இடத்தில்தான் முருகன் நேரே வருகிறான். வானளாவிய தோற்றத்தை அடக்கிக்கொண்டு, தன்னுடைய பழைய இளமை வடிவத்தைக் காட்டுகிறான்.

பாட்டின் வரிசையைக் கவனியுங்கள். மந்திரத்துக்குப் பிறகு குருதி. அந்தணனுக்குப் பிறகு குறத்தி. புதியதை ஒப்புக்கொண்டு, முதல் மரியாதையைப் பழையதற்கு வைக்கிறார் நக்கீரர். அவனை அழைக்கச் சொல்லிக் கொடுக்கிற பெயர்களிலும் அப்படியே. மலையரசன் மகளுக்கும் அவன் மகன், கொற்றவைக்கும் மகன், பழையவள் ஒருத்திக்கும் குழந்தை. ஒன்றை எடுத்தால் மற்றொன்றை விட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. பின்னால் கச்சியப்ப சிவாச்சாரியார் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் கந்த புராணம் பாடியபோதுகூட, வள்ளி கல்யாணத்தில் கொண்டுவந்துதான் முடிக்க வேண்டியிருந்தது. காளிதாசனின் குமாரசம்பவத்தில் வள்ளிக்கு இடமில்லை. இங்கே வள்ளி இல்லாமல் முருகனுக்கு இடமில்லை.

இளங்கோவடிகள் இன்னும் ஒரு படி நுணுக்கம். வேட்டுவ வரியில் எயினர்கள் தங்கள் குலத்துப் பெண் ஒருத்தியைக் கொற்றவையாக அலங்கரிக்கிறார்கள். சடையில் பிறை இருக்க வேண்டும். அதற்குக் காட்டுப் பன்றியின் கொம்பை வைக்கிறார்கள். கழுத்துக்குப் புலிப்பல் தாலி. வந்த தேவியின் லட்சணங்களை, இருந்த காட்டிலே கிடைத்த சாமான்களைக் கொண்டு செய்துகொள்ளுகிறார்கள். மதக் கலப்பு என்று பத்துப் பக்கம் எழுதினாலும் அந்தப் பன்றிக் கொம்பு சொல்லுகிறதைச் சொல்ல முடியாது.

வர்ஜிலிடமும் இதே நேர்மை இருக்கிறது. ஈனியட் காவியத்தின் எட்டாவது காண்டத்தில், பின்னால் ரோமாபுரி எழப்போகிற இடத்தை இவாண்டர் சுற்றிக் காட்டுகிறான். காபிடோல் குன்றின் தோப்பில் ஏதோ ஒரு தெய்வம் குடியிருக்கிறது, எந்தத் தெய்வம் என்று தெரியவில்லை என்கிறான். தன் ஜனங்கள் அங்கே ஜூபிடரைக் கண்டதாக நினைக்கிறார்கள் என்றும் சொல்லுகிறான். இதைச் சொல்லுகிற இவாண்டர் ஒரு கிரேக்கன். பெயர் கொண்டுவந்தவனே பெயருக்கு முன்னால் ஒன்று இருந்ததை ஒப்புக்கொள்ளுகிறான்.

எல்லா இடத்திலும் ஏற்பாடு இவ்வளவு நாகரிகமாக நடந்தது என்று சொன்னால் அது பொய். சேலம் ஜில்லா பெரியேரியில் ஒரு சிலையை ஜனங்கள் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிட்டு வந்தார்கள். அது புத்தர் சிலை என்று வழக்கு நடந்து, தொல்லியல் துறையின் அறிக்கையைப் பார்த்து, 2022-ல் சென்னை உயர்நீதிமன்றம் அது புத்தரே என்று தீர்ப்புச் சொல்லிப் பூஜையையும் நிறுத்தியது. அங்கே இருந்தவருக்கு முதல் மரியாதை கிடைக்கவில்லை; பெயர்கூட மிஞ்சவில்லை. வெட்டுப்பட்ட தலை மட்டும் புதுப் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தது. தீர்ப்பு நியாயமானதுதான். ஆனால் அந்த முனியப்பனிடம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வேண்டிக்கொண்டு நின்ற தாயாரின் பக்தியும் பொய் இல்லை. நீதிமன்றம் ஒரு பெயரைத்தான் எழுத முடியும். இரண்டையும் எழுத வேண்டியது நாவலாசிரியனுடைய வேலை.

இன்னொரு சட்டத்தையும் நினைத்துப் பார்க்கலாம். கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்க 1950-ல் சட்டம் செய்தார்கள். 2003-ல் அதைக் கண்டிப்பாக அமல் நடத்த உத்தரவு பிறந்தது. கிராமங்களில் எழுந்த மனத்தாங்கலுக்குப் பிறகு 2004-ல் சட்டத்தையே ரத்து செய்தார்கள். ஜீவகாருண்யத்தைப் பழிக்கிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அந்த ஐம்பது சொச்சம் வருஷமும் நக்கீரர் முருகனை நேரில் வரவழைத்த பூஜை, கோயிலில் நடந்திருந்தால் சட்ட விரோதம். பாட்டைப் பாடத்தில் வைத்துக்கொண்டே அதை நாம் மறந்திருக்கிறோம்.

ஆகவே இனி ஒரு சரித்திர நாவலைக் கையில் எடுக்கிற வாசகர்கள், ராஜா யார், சண்டை எந்த வருஷம் என்று பார்ப்பதோடு, அதில் வருகிற கிழவி யாரைக் கும்பிடுகிறாள் என்பதையும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறேன். அவள் புதுச் சாமிக்கு விளக்கேற்றிவிட்டு, யாருக்கும் தெரியாமல் மலைப்பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடுகிறாளா? அப்படிப் போட்டால், அந்த நாவலாசிரியருக்கு ஜனங்களைத் தெரியும் என்று நம்பி மேலே படிக்கலாம்.