ஓட்டத்தில் இருக்கிற புத்தி

பந்தோடு ஓடுகிறவனை ரசிக்கக் கண்ணுக்குப் பழக்கம் வேண்டும். கூட்டம் பந்தைப் பார்க்கும். தேர்ந்த ரசிகர் ஓடுகிறவனின் இடுப்பைப் பார்ப்பார். பந்து வந்து சேர்வதற்குள் தலையைத் திருப்பி, எதிரே நிற்பவன் எந்தக் காலில் பாரத்தை ஊன்றியிருக்கிறான் என்று அவன் கவனித்துவிட்டானா? முதல் தொடுதலிலேயே பந்தைத் தனக்குத் தோதான பக்கம் நகர்த்திவிட்டானா? எதிராளியின் பாரம் உள்காலுக்கு மாறும் அந்த நொடிக்காகக் காத்திருந்து வெளிப்பக்கம் பாய்கிறானா? கலை இதில்தான் இருக்கிறது. வேகம் இதற்குப் பிறகுதான். மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரத்துத் தோட்டத் திடல்களில் பால்மரம் வெட்டி முடித்த சாயங்காலங்களில் கைதட்டல் வாங்கிய ஆட்டம் இதுவே. ஆனால் அப்படி ஆடும் தமிழ்ப் பையன் மாநிலக் காற்பந்துத் தேர்வுக்குப் போய் நின்றால், அவனைப் பற்றிச் சொல்ல ஒரே வார்த்தைதான் கிடைக்கிறது: ‘வேகமானவன்’. கேட்கப் புகழ்ச்சி மாதிரி இருக்கும் இந்த வார்த்தையில்தான் பாகுபாடு தொடங்குகிறது என்பது என் வாதம்.

எஸ். குணாளனை எடுத்துக்கொள்வோம். கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்து 2009 சீ விளையாட்டில் தங்கமும் 2010இல் ஆசியான் கிண்ணமும் வென்ற மலேசிய அணிகளில் இருந்தவர். வலது ஓரத்தில் அவர் ஓடியதைப் பார்த்தவர்கள் எல்லாரும் வேகத்தைத்தான் பேசினார்கள். பிற்காலத்தில் அவர் வலது தற்காப்பு ஆட்டக்காரராக மாறினார்; 2015இல் ஏ.எஃப்.சி. கிண்ணத்தை வென்ற ஜொகூர் டாருல் தாசிம் அணியிலும் இருந்தார். வேகம் மட்டுமே சொத்தாக இருந்தால் இந்த மாற்றம் நடந்திருக்காது. எதிராளி எப்போது உள்ளே வெட்டுவான், எப்போது ஓரமாகப் போவான் என்பதை முன்கூட்டியே படிக்கத் தெரிந்தவர்தான் தற்காப்பில் நிலைக்க முடியும். அந்தப் புத்தி தற்காப்புக்கு வந்த பிறகு முளைத்ததல்ல. ஓரத்தில் ஓடிய காலத்திலேயே இருந்தது. பார்த்தவர்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இதே கதை தலைகீழாக நடக்கிறது. அவர்களுடைய காற்பந்தில் பந்தை அணைத்துக்கொண்டு எதிரணிச் சுவரைப் பிளந்து ஓடும் ‘ரன்னிங் பேக்’ பெரும்பாலும் கறுப்பினத்தவர். அவர்களுடைய தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் 2017 ஆட்டக்காரர் தேர்வில் லெனர்ட் ஃபோர்னெட் 4ஆவதாகவும், வெள்ளையரான கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 8ஆவதாகவும் எடுக்கப்பட்டார்கள். 40 கெஜ ஓட்டத்தில் ஃபோர்னெட்டுக்கு 4.51 விநாடி, மெக்காஃப்ரிக்கு 4.48. ஃபோர்னெட் கனத்த உடம்புக்காரர் என்பதால் அந்த வரிசையில் நியாயம் இருக்கலாம். ஆனாலும் வெள்ளையர் என்பதால் தன்னைக் குறைத்து எடைபோடுகிறார்கள் என்ற எண்ணம் மெக்காஃப்ரிக்கு இருந்தது. 2019இல் ஒரே பருவத்தில் ஓடியும் பந்தைப் பிடித்தும் தலா 1,000 கெஜத்தைக் கடந்தார்; அதைச் சாதித்த மூன்றாமவர் அவர். இங்கே தமிழனிடம் வேகத்தை மட்டும் பார்க்கும் கண், அங்கே வெள்ளையரிடம் வேகத்தையே சந்தேகிக்கிறது. ஐரோப்பாவின் 4 லீக்குகளில் 80 ஆட்டங்களின் வர்ணனையை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வும் இதைத்தான் காட்டியது: வெளிர்நிறத்தவருக்குப் புத்திசாலித்தனம், கருநிறத்தவருக்கு வேகமும் பலமும் என்று பாராட்டே பங்கு பிரிந்து கிடந்தது.

‘பாகுபாடு இருந்தால் எம். சந்திரன் எப்படி 1972 மியூனிக் ஒலிம்பிக் அணிக்குத் தலைமை தாங்கினார், ஆர். ஆறுமுகம் எப்படி தேசிய அணியின் கோல்காவலர் ஆனார்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கதவு பூட்டிக் கிடந்தது என்று நானும் சொல்லவில்லை. ஆனால் ஆறுமுகத்தை ‘ஸ்பைடர்மேன்’ என்று கொண்டாடியபோதும் பேச்செல்லாம் அவருடைய நீண்ட கைகளைப் பற்றித்தான். பந்து வரும் கோணத்தைக் கணித்து அவர் நின்ற இடம் பேச்சில் வரவில்லை. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்து மக்கள் சுங்கை பட்டாணி, கூலிம் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். பதினொரு பையன்களைத் திரட்டவே திணறும் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆள் குறைந்ததற்குத் தேர்வாளரைக் குறை சொல்வதா? உண்மைதான். தேர்வுக்கு வருகிறவர்கள் ஏன் குறைந்தார்கள் என்பதற்கு அது பதில். வந்து நிற்கிறவனை எப்படி எடைபோடுகிறார்கள் என்பதற்கு அது பதிலல்ல. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் அணி 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் இறங்கியது. பின்னர் வெளிநாட்டு ஆட்டக்காரர்களே இல்லாமல் ஆடி, 2022 முடிவில் விலகியது. அது இருந்தவரை, வேறு கண்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்கவும் ஓர் இடம் இருந்தது.

இதற்கு ஒதுக்கீடு கேட்பதைவிட, தேர்வாளரின் குறிப்பேட்டைத் திருத்தக் கேட்பது பயன் தரும். வேகம், பலம், உயரம் என்ற கட்டங்களுக்கு முன்னால் வேறு மூன்று கேள்விகள் வரட்டும்: பந்து வருமுன் எத்தனை முறை திரும்பிப் பார்த்தான், முதல் தொடுதல் எந்தப் பக்கம் போனது, எதிராளியை எந்தக் கணத்தில் ஏமாற்றினான். மலாய்ப் பையனுக்கும் சீனப் பையனுக்கும் தமிழ்ப் பையனுக்கும் இதே கேள்விகள்தான். பதில் எழுத உட்காரும்போது தேர்வாளர் ஆட்டத்தைப் பார்த்தே ஆக வேண்டும். தோலைப் பார்த்து எழுத அங்கே கட்டம் இருக்காது.