தடித்த அச்செழுத்தும் அதன் தகுதியும்

எழுத்தைத் தடிப்பித்தல் மையை மிகுத்தலன்று. எழுத்தினுள்ளே வெளியைக் காத்தலாம். 1845-ஆம் ஆண்டில் இலண்டனில் றொபேட் பெஸ்லி வெளியிட்ட கிளாரெண்டன் என்னும் உரோம அச்செழுத்து இதற்குச் சான்று. அதன் கோடுகள் பருத்தவை. கோட்டுமுனைகளில் அமைந்த சிறு கட்டைகளும் பருத்து, உடலோடு வளைந்து பொருந்துவன. அகராதியிலே தலைச்சொல்லைப் பொருளுரையினின்று பிரித்துக் காட்டுதலே அதற்கு வாய்த்த தொழில். பக்கம் முழுவதையும் அதனால் நிரப்பின் எச்சொல்லும் தனித்துத் தோன்றாது.

தமிழெழுத்துக்கு அம்முனைக்கட்டை இயல்பன்று. ஓலையில் எழுத்தாணி ஒரே அளவான கீற்றையே இட்டது. நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, யானை குதிரை ஏற்றிவரும் கலம் உடைந்தாற் காற்பங்கும், வாணிகக் கலமாயின் அரைப்பங்கும் பண்டாரத்துக்கு என விதிக்கின்றது. அத்தகைய ஆணைக்கு உளியின் ஆழமே தடிப்பாயிற்று.

அச்சில் இடர் வேறு. தடிப்பு மிகுந்தால் ணகரத்தின் சுழி அடைபட்டு னகரத்தோடு மயங்கும். மெய்யின் புள்ளி உடலோடு ஒட்டிக் ‘கல்’ என்பது ‘கல’ ஆகும். மெலிந்த எழுத்தைக் கணினி தானே பருக்கச்செய்து தருவதில் இக்குறை பெரிது. தடிப்புக்கென்றே வரைந்த எழுத்தோ சுழியை அகற்றிப் புள்ளியை உயர்த்தும்.

தலைப்புக்கும், உரையினின்று பிரித்துக் காட்டும் மூலச்செய்யுளுக்கும் அது தகும், தொடருரைக்குத் தகாது. நாகபூஷணி அம்மன் ஆனித் திருவிழா போன்றவற்றின் விளம்பரத்திலே தேர்நாளும் வள்ளம் புறப்படும் நேரமும் தடித்திருந்தாற் போதும். உபயகாரர் பெயரெல்லாம் தடித்து நின்றால், குறிகட்டுவான் துறையிற் கடற்காற்றில் நின்று படிக்கும் முதியவர் நேரத்தை எங்ஙனம் தேடுவர்?