ஒகோன்கோவின் அச்சம்

நைசீரியாவின் இக்போ இனத்தவரான சினுவா அச்சிபே 1958-இல் வெளியிட்ட ஆங்கிலப் புதினம் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’. அதன் தலைவனும் உமுவோபியா ஊரின் மற்போர் வீரனுமாகிய ஒகோன்கோ வீழ்ந்தமைக்கு வெள்ளையர் வருகையே காரணம் என்பார் உளர். அது புறக்காரணமே. தன்னை மெலியன் எனப் பிறர் கருதிவிடுவரோ என்னும் அச்சமே அகக்காரணம் என்பது எம் கருத்து.

இவ்வச்சத்தின் வேர் தந்தை உனோக்கா. குழலிசையில் திளைத்துக் கடனில் மூழ்கிய அவன், பட்டம் ஒன்றும் பெறாது மறைந்தான். தந்தை விரும்பிய யாவற்றையும் மகன் வெறுத்தான். சோம்பலோடு மென்மையும் அவ்வெறுப்புக்கு இலக்காயிற்று.

இக்கேமெஃபுனாவின் கொலை இதனைத் தெளிவாக்கும். மூன்றாண்டுகள் தன் இல்லத்தில் வளர்ந்து, தன்னைத் தந்தை என அழைத்த சிறுவனை ஒகோன்கோவே வெட்டினான். குலத்தின் கட்டளை என இதற்கு அமைதி கூறல் இயலாது. கொலையை விதித்தது தெய்வவாக்கே எனினும், அதில் பங்கு கொள்ள வேண்டா என முதியவர் எசேயுடு முன்னரே எச்சரித்திருந்தார். ஆகவே குலம் வேண்டிய ஆண்மை வேறு; இவன் கொண்ட ஆண்மை வேறு. பின்னர் இரு நாள் உணவு கொள்ளாது அவன் தளர்ந்தமை, அவன் நெஞ்சில் அன்பு இருந்தமைக்குச் சான்று.

முடிவில் அவன் தூக்கிட்டு மாய்கிறான். தற்கொலை நிலத்தெய்வத்திற்கு இழைத்த பிழையாதலின், குலத்தார் அவன் உடலைத் தீண்டார். வீக்கநோயுற்ற உனோக்காவும் காட்டில் விடப்பட்டுப் புதைகுழியின்றி இறந்தவனே. தந்தையைப்போல் ஆகலாகாது என வாழ்நாள் முழுதும் அஞ்சிய மகன், குலத்தார் கையால் அடக்கம் பெறாமையில் தந்தையை ஒத்தான். இதுவே இப்புதினத்தின் அவலம் என்க.